‘மேல்சட்டையைக் கழட்டுங்கோ’: வைத்தியருக்கு முன்னால் எங்கட உடம்பு

எங்கட வட்ஸ்அப் குரூப்பில் கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு கேள்வி வந்தது. கேட்டவள் வெள்ளவத்தைக்காரி, எங்களோட கம்பஸில் படிக்கிறாள். உடல் எடையைக் குறைக்கிற சத்திரசிகிச்சைக்கு டொக்டர் ஓம் சொல்லிவிட்டார், அதற்கு முன்னால் ஒரு நீளமான டெஸ்ட் லிஸ்ட். ஈசிஜி, எக்கோ, நெஞ்சு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், எண்டொஸ்கொபி. வயிற்றில் ஐந்தாறு இடத்தில் துளை போடப் போகிறார்கள் என்பது அவளுக்குப் பயமில்லை. இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுக்கப் போகிறார்கள் என்பதும் பயமில்லை. “இதில எதெதுக்கு உடுப்புக் கழட்டவேணும்? உள்ளுக்க ஆம்பிளையள் நிப்பினமா?” இதுதான் அவள் கேட்டது.

பத்து நிமிடத்துக்குள் கொட்டாஞ்சேனையிலிருந்து இன்னும் இரண்டு பேர், “எனக்கும் இதே பயம்தான், அதனால்தான் ஸ்கேன் எடுக்கப் போகாமலே விட்டனான்” என்று எழுதினார்கள். ஒருத்தன் ஆம்பிளை. இந்தக் கூச்சத்தைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. சயன்ஸ் பாடத்தில் உடம்பு இருந்தது, கூச்சம் இருக்கவில்லை. நாங்கள் ஆர்ட்ஸ் பிள்ளைகள். டெஸ்ட்டைப் பற்றிச் சொல்ல எங்களுக்குத் தகுதி கம்மி. ஆனால் வைத்தியருக்கு முன்னால் உடுப்பைக் கழட்டுகிற இந்தப் பழக்கம் எப்ப வந்தது, யார் அதற்கு ஒத்துக்கொண்டார்கள், யாரைக் கேட்காமலே கழட்ட வைத்தார்கள் என்பதைத் தேடலாம் அல்லவா. தேடினோம்.

ஆச்சரியம் என்னவென்றால், முதலில் கிடைத்த கதையே குண்டான ஒரு பெண்ணின் கதை.

1816, பாரிஸ். ரெனே லாயெனெக் என்ற வைத்தியரிடம் இருதய நோய் அறிகுறிகளோடு ஒரு இளம்பெண் வருகிறாள். அந்தக் காலத்தில் நெஞ்சைப் பரிசோதிக்க வழிகள் குறைவு. கையை வைத்துப் பார்க்கலாம். விரலால் தட்டிப் பார்க்கலாம். இந்தத் தட்டுகிற முறையை 1761இல் எழுதி வைத்தவர் ஔவன்புரூகர் என்ற ஆஸ்திரிய வைத்தியர். அவருடைய அப்பா விடுதி நடத்தியவர், பீப்பாயில் எவ்வளவு மது மிச்சம் இருக்கிறது என்று தட்டித்தான் பார்ப்பார்களாம். மூன்றாவது வழி, நோயாளியின் நெஞ்சில் வைத்தியர் நேராகவே காதை வைத்துக் கேட்பது. லாயெனெக்கே இதைப் பிறகு எழுதியிருக்கிறார்: அந்தப் பெண் பருமனாக இருந்ததால் கையாலும் தட்டியும் ஒன்றும் பிடிபடவில்லை, அவளுடைய வயதையும் பெண் என்பதையும் யோசித்தால் காதை வைப்பதும் சரியாகப் படவில்லை. ஒரு மரக்கட்டையின் ஒரு முனையில் ஊசியால் கீறினால் மறுமுனையில் காதை வைத்தவருக்குத் தெளிவாகக் கேட்கும் என்பது அப்போது அவருக்கு ஞாபகம் வருகிறது. கொஞ்சம் கடதாசியை எடுத்து இறுக்கமாகச் சுருட்டி, ஒரு நுனியை அவள் நெஞ்சிலும் மறு நுனியைத் தன் காதிலும் வைத்தார். நேராகக் காதை வைத்ததைவிட நன்றாகக் கேட்டது. பிறகு மரத்தில் குழாய் செய்தார், 1819இல் புத்தகம் எழுதினார். இண்டைக்கு டொக்டர்மாரின் கழுத்தில் தொங்குகிற ஸ்டெதஸ்கோப் இப்படித்தான் பிறந்தது.

இந்தக் கதையை எல்லாரும் லாயெனெக்கின் கெட்டித்தனமாகத்தான் சொல்வார்கள். எங்களுக்கு அந்தப் பெண்தான் முக்கியமாகத் தெரிகிறாள். பெயர் இல்லை, பிறகு சுகமானாளா என்பதும் இல்லை. கூச்சமும் பருமனும் சேர்ந்து ஒரு வைத்தியருக்கு இடைஞ்சலாக நின்றன, அவர் அவளைத் திட்டாமல் தன்னுடைய முறையை மாற்றினார். மருத்துவ வரலாற்றில் இது எவ்வளவு அபூர்வம் என்பது மிச்சத்தை வாசிக்கும்போது விளங்கும்.

ஈசிஜியின் கதை இதற்கு நேர்மாறு. நெதர்லாந்தின் லெய்டன் நகரத்தில் வில்லெம் ஐந்தோவன் 1900களின் தொடக்கத்தில் செய்த இயந்திரம் ஒரு அறையையே பிடித்துக்கொண்டது, இயக்க ஐந்து பேர் வேண்டும். ஆனால் நோயாளி சட்டையைக் கழட்டத் தேவையில்லை! இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர் நிரப்பிய பாத்திரங்களில் வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தால் போதும். அந்தக் காலத்துப் படங்களில் கோட்டுப் போட்ட மனுசர் கையையும் காலையும் வாளிக்குள் விட்டபடி இருப்பார்கள், பார்க்கவே வேடிக்கை. இதற்காக 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கை கால் மட்டும் போதாது, இருதயத்துக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்கவேண்டும் என்ற யோசனை 1930களில் பலப்பட்டது. நெஞ்சில் ஆறு இடங்களை 1938இல் அமெரிக்க, பிரித்தானிய இருதய வைத்தியர்கள் சேர்ந்து ஒரே ஒழுங்காக்கினார்கள். முதல் இரண்டு இடங்கள் நடு நெஞ்செலும்பின் இரு பக்கமும். மிச்சம் நாலும் இடது மார்பின் கீழாகச் சுற்றிக் கக்கம் வரைக்கும் போகும். எங்கட சினேகிதி பயந்தது இந்த ஆறுக்குத்தான்.

இதில் சும்மா விடமுடியாத ஒரு விசயம் இருக்கிறது. கூச்சத்துக்காக உள்ளாடையைக் கழட்டாமல், அதற்கு மேலேயோ பக்கத்திலேயோ ஒட்டி விட்டால் கோடு மாறிவிடும். முதல் இரண்டையும் கொஞ்சம் மேலே ஒட்டினாலே, வராத மாரடைப்பு வந்துபோன மாதிரித் தெரியலாம். ஒபரேஷனுக்கு முன்னால் எடுக்கிற ஈசிஜி பிழைத்தால் தேவையில்லாத இன்னொரு டெஸ்ட், இன்னொரு சனலிங் காசு, இன்னொரு தடவை கழட்டல். கூச்சத்துக்கும் ஒரு செலவு இருக்கிறது.

சரி, எங்கட ஊர்ப் பக்கம் வருவோம்.

மேற்கத்தைய வைத்தியம் யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்க மிஷனரிமாரோடு வந்தது. ஜோன் ஸ்கடர் 1819இல் வந்து பண்டத்தரிப்பில் வைத்தியசாலை தொடங்கினார். 1847இல் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் வந்தார், மானிப்பாயில் இருந்து வைத்தியம் படிப்பித்தார். கிரீனைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். ஆங்கிலத்தில் இருந்த வைத்திய நூல்களைத் தன் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். ‘பிரசவ வைத்தியம்’ 1857, ‘இரண வைத்தியம்’ 1867, ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872. அதாவது உடம்பின் ஒவ்வொரு உறுப்புக்கும், மறைவிடங்களுக்கும்கூட, கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய தமிழ்ச் சொற்கள் நூற்றைம்பது வருசத்துக்கு முன்னாலேயே அச்சில் வந்துவிட்டன. இண்டைக்கு எங்களில் எத்தனை பேர் டொக்டரிடம் “கீழ” என்று மட்டும் சொல்லிவிட்டு நிலத்தைப் பார்க்கிறோம்?

வைத்தியம் வந்தது, ஆனால் வைத்தியர்கள் ஆண்கள். இதன் விலை என்ன என்பதற்கு எப்போதும் சொல்லப்படும் கதை திண்டிவனத்தில் நடந்தது. பண்டத்தரிப்பு ஸ்கடரின் பேத்தி ஐடா ஸ்கடர் 1890களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் தகப்பனோடு தங்கியிருக்கிறார். தகப்பன் டொக்டர், மகளுக்கோ மிஷன் வேலையில் துளியும் விருப்பம் இல்லை. ஒரே இரவில் மூன்று பேர், ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு சாதி இந்து, ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டுகிறார்கள். மூன்று பேருடைய மனைவிமாருக்கும் பிரசவம் சிக்கலாகிவிட்டது. அப்பா வருவார் என்று ஐடா சொல்கிறார். வேண்டாம், அந்நிய ஆண் பார்க்கக் கூடாது, நீங்கள் வாருங்கள் என்கிறார்கள். ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அமெரிக்கா போய் 1899இல் டொக்டராகித் திரும்பினார், 1900இல் வேலூரில் தொடங்கிய சிறிய வைத்தியசாலைதான் இண்டைக்கு நாங்கள் கொழும்பிலிருந்து பிளேன் ஏறிப் போகிற சிஎம்சி.

கதை உண்மை, மனதைத் தொடுவதும் உண்மை. ஆனால் அதில் எங்களுக்கு ஒரு குறை. கதவைத் தட்டியவர்கள் மூன்று ஆண்கள், மறுத்ததும் அவர்கள்தான். உள்ளே வலியில் கிடந்த அந்த மூன்று பெண்களிடம் “உமக்கு ஆண் டொக்டர் பரவாயில்லையா?” என்று யாராவது கேட்டார்களா? அவர்களுடைய கூச்சம் அவர்களுடையதா, புருசன்மாரின் மானமா?

யாழ்ப்பாணத்தில் இதற்கான பதிலாக இணுவிலில் 1898இல் பெண்களுக்கென மக்லியொட் வைத்தியசாலை வந்தது. மேரி, மார்கரெட் லீச் என்ற சகோதரிகள் இதற்காக ஊர் ஊராகக் காசு சேர்த்தார்கள். அங்கே வேலை செய்வதற்காகத் தெரிவான ஒரு கனடாக்கார டொக்டர்தான், எங்களைப் பொறுத்தவரை, இந்தக் கட்டுரையின் நாயகி. பெயர் மேரி அர்வின். 1896இல் இலங்கைக்கு வந்தார். வருவதற்கு முன்னாலேயே கனகரத்தினம் என்ற தமிழரைக் கலியாணம் கட்டியிருந்தார். தமிழர்களுக்கு வைத்தியம் செய்யலாம், தமிழரைக் கட்டக் கூடாது என்பதுதான் மிஷனின் நிலைப்பாடு போல, வேலை இல்லை என்று விட்டார்கள். அவர் கொழும்பிலேயே தங்கினார். பெண்களுக்காகத் தொடங்கப்பட்டிருந்த லேடி ஹவ்லொக் வைத்தியசாலையில் கொஞ்சக் காலம் வேலை செய்துவிட்டு, பிறகு சொந்தமாகப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். டொக்டர் மேரி ரத்னம் என்று கொழும்பு அவரை அறிந்தது இப்படித்தான்.

இலங்கையில் அப்போது நிலைமை மெல்ல மாறிக்கொண்டிருந்தது. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870இல் தொடங்கியது, பெண் பிள்ளைகளை எடுத்தது 1892இல். இருபத்திரண்டு வருசம். 1879இலேயே டி சொய்சா பிரசவ விடுதி இருந்தது, ஆனால் பெண் டொக்டர்மாரை விரல் விட்டு எண்ணலாம். மேரி ரத்னம் கிளினிக்கில் மட்டும் நிற்கவில்லை. 1909இல் தமிழ் மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1930இல் லங்கா மகிளா சமிதி. 1937இல் கொழும்பு மாநகர சபைக்குப் பம்பலப்பிட்டியிலிருந்து தெரிவான முதல் பெண் உறுப்பினர். பாடசாலைகளுக்குச் சுகாதார நூலும் எழுதினார். பெண்களுக்கு உடம்பைப் பற்றி வெளிப்படையாகக் கதைக்கக் கூடாது என்று நினைத்த கொழும்புச் சமூகத்துக்கு நடுவில் குடும்பக் கட்டுப்பாடு பற்றிக் கதைத்ததற்கு ஏச்சும் வாங்கினார். 1958இல் மக்சேசே விருது, 1962இல் மரணம். பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் தினமும் 100 பஸ்ஸில் போய் வருகிற எங்களில் முக்காவாசிப் பேருக்கு இந்தப் பெயரே தெரியாது.

இப்ப கொஞ்சம் கசப்பான பகுதி. கூச்சம் எங்கட கலாசாரம், தமிழ்ப் பெண் அன்னிய ஆணுக்கு உடம்பைக் காட்டமாட்டாள் என்று ஒரு கதை உண்டு. யாருடைய கலாசாரம்? யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேல்சட்டை போடக் கூடாது என்ற கட்டுப்பாடு 20ஆம் நூற்றாண்டு பிறந்த பிறகும் இருந்தது. குறுக்குக்கட்டுத்தான் அவர்களுக்கு. சட்டை போட்டால் அடி. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலை உரிமைக்காகப் பல பத்து வருசம் போராடி, 1859இல்தான் மார்பை மூட அனுமதி வாங்கினார்கள். அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆக, மறைக்கிற உரிமையே இங்கே சாதி பார்த்துத்தான் தரப்பட்டது. ஒரு பக்கம் மனைவியைச் சாகவிட்டாலும் டொக்டருக்குக் காட்டாத வீடு, மறுபக்கம் வயலில் வேலை செய்கிறவள் மூடினால் அடிக்கிற ஊர். இரண்டும் ஒரே காலம், சில இடங்களில் ஒரே ஆட்கள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எங்களால் ‘தமிழ்ப் பெண்ணின் இயல்பான நாணம்’ என்று ஒரு வசனம்கூட எழுத முடியாது.

பரிசோதனை என்ற பெயரில் கட்டாயப்படுத்திக் கழட்ட வைத்த வரலாறும் உண்டு. 1860களில் பிரித்தானியர் தங்கட சிப்பாய்களுக்குப் பால்வினை நோய் வராமல் தடுக்கவென்று தொற்றுநோய்ச் சட்டங்களைக் கொண்டுவந்தார்கள், இலங்கையிலும் கொண்டுவந்தார்கள். பாலியல் தொழில் செய்கிறவள் என்று பதியப்பட்ட பெண் பரிசோதனைக்கு வந்தே ஆகவேண்டும். சிப்பாயை அப்படிப் பதியவில்லை. தோட்டத்துக்கு வந்த எங்கட மலையக மக்கள் கடல் தாண்ட முன்னால் மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்து வைக்கப்பட்டார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசாங்கம் நடத்திய முகாம் அது. வரிசையில் நிறுத்தி உடம்பைப் பார்த்து, அம்மைத் தடுப்பூசி குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்துத்தான் தலைமன்னாருக்கு அனுப்பினார்கள். மருந்து நல்லதுதான். அதைக் குடிக்கமாட்டேன் என்று சொல்ல அவர்களுக்கு வழியிருக்கவில்லை. 1979இல் லண்டன் ஹீத்ரோவில், கலியாணம் கட்ட வந்த ஒரு இந்தியப் பெண்ணை, அவள் உண்மையிலேயே கன்னிப்பெண்ணா என்று ஒரு டொக்டரை வைத்து ‘பரிசோதித்தார்கள்’. கார்டியன் பத்திரிகையில் செய்தி வந்து பெரிய சத்தமான பிறகுதான் அது நிறுத்தப்பட்டது.

யுத்த காலத்துக் கொழும்பையும் இதோடு சேர்த்துச் சொல்லவேண்டும். செக் பொயின்டுகளில் பெண்களைச் சோதிக்கவென்று திரை போட்ட சின்னக் கூடுகள் இருந்தன. எங்கட அம்மாமார், சின்னம்மாமார் அதற்குள் எத்தனை தரம் போய் வந்திருப்பார்கள். திரைக்குப் பின்னால் சீருடை போட்ட ஒருத்தர், விளங்காத பாசையில் “கையைத் தூக்கு, திரும்பு” என்பது. ஆஸ்பத்திரியில் பச்சைத் திரையைப் பார்த்தவுடன் சில அம்மாமாரின் முகம் ஏன் மாறுகிறது என்று யோசித்தால், வெறும் கூச்சம் என்று கடந்துபோக முடியவில்லை.

பாசை விசயம் சின்னது இல்லை. தமிழ் 1987இலிருந்து அரசியலமைப்பில் அரச கரும மொழி. கிரீனின் புத்தகங்கள் அதற்கு நூற்றுச் சொச்ச வருசம் முந்தியவை. எண்டாலும் கொழும்பில் ஒரு ஈசிஜி அறைக்குள் போகும் கொட்டாஞ்சேனை ஆச்சி “பொம்பிளை ஒராள் பக்கத்தில நிக்கலாமோ?” என்று தன் பாசையில் கேட்டால், பதில் வருமா என்பது அன்றைக்கு வேலையில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

குண்டான உடம்போடு போகிறவர்களுக்கு இதற்கு மேலேயும் உண்டு. தராசில் ஏறும்போது நம்பரை வராந்தா முழுக்கக் கேட்கச் சொல்வது, முதுகில் கட்டுகிற கவுன் இரண்டு பக்கமும் சேராமல் நிற்பது, பிரஷர் பார்க்கிற பட்டி கைக்குக் காணாமல் இருப்பது. பட்டி சின்னதாக இருந்தால் பிரஷர் உண்மையைவிடக் கூடக் காட்டும் என்பது வைத்தியப் பாடத்திலேயே இருக்கிற விசயம், பெரிய பட்டி கேட்பது செல்லம் கொஞ்சல் இல்லை. இந்த பிஎம்ஐ என்ற கணக்கே 1830களில் கெட்லே என்ற பெல்ஜிய வானியலாளர் ‘சராசரி மனிதனை’த் தேடிப் போட்டது, ஆள் வைத்தியரே இல்லை. 1972இல்தான் அதற்கு இந்தப் பெயர் வந்தது. ஆசிய உடம்புகளுக்கு ஆபத்து முந்தியே தொடங்குகிறது என்பதால், எங்களுக்கு 27.5ஐத் தாண்டினாலே இந்தச் சத்திரசிகிச்சையை யோசிக்கலாம் என்று 2022இல் சர்வதேச வழிகாட்டல் வந்தது. அதாவது இந்த டெஸ்ட் லிஸ்டோடு வரிசையில் நிற்கப் போகிற எங்கட ஆட்களின் தொகை இனி கூடத்தான் போகிறது.

கேட்ட கேள்விக்கு நேரான பதில் இது, டொக்டருக்குப் படிக்கிற இரண்டு சினேகிதரிடம் கேட்டு எழுதுகிறோம். ஈசிஜிக்கும் எக்கோவுக்கும் மேலுடுப்பும் உள்ளாடையும் விலக்க வேண்டும். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போட்டுப் போனால் முழுதாகக் கழட்டாமல் திறந்தால் போதும், வயர் ஒட்டியதும் மேலே துணி போர்த்தச் சொல்லலாம். வயிற்று ஸ்கேனுக்கு மேல்சட்டையை உயர்த்தினால் காணும், அதனால் ஒற்றை நீள உடுப்புப் போடாமல் இரண்டு துண்டு உடுப்பு நல்லது. எண்டொஸ்கொபிக்கு உடுப்புக் கழட்டுவதே இல்லை, கட்டுப்பல் இருந்தால் அதைத்தான் கழட்ட வேண்டும். ஆண் டொக்டர் பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது இன்னொரு பெண் பக்கத்தில் நிற்பது வைத்திய ஒழுக்கத்தில் பழைய வழக்கம், யாரும் செய்கிற உபகாரம் இல்லை. புக் பண்ணும்போதே போனில் கேட்டுவிடுங்கோ, உள்ளே போய்ப் படுத்த பிறகு கேட்க வாய் வராது. பெடியன்களுக்கும் இதே உரிமைதான். ஆம்பிளைக்கு என்ன வெட்கம் என்று சொல்லுகிறவரிடம், தானே போய்ப் படுத்துக் காட்டச் சொல்லுங்கோ.

எக்ஸ்ரேக்கு உலோகம்தான் பிரச்சினை. கொளுக்கி வைத்த உள்ளாடை, சங்கிலி, எல்லாம் படத்தில் விழும். ரொண்ட்ஜன் 1895 டிசம்பரில் எடுத்த பிரபலமான முதல் படங்களில் ஒன்று அவருடைய மனைவி பெர்தாவின் கை. எலும்பும், அதைச் சுற்றிக் கறுப்பாக ஒரு மோதிரமும். அந்தக் காலத்துப் பத்திரிகைகள் உடுப்புக்குள்ளால் பார்க்கிற கதிர் வந்துவிட்டது என்று பகிடி எழுதின. வெள்ளவத்தையில் கலியாணமான அக்காமார் எக்ஸ்ரே எடுக்கப் போகும்போது தாலிக்கொடியைக் கழட்டி மாமியின் கைப்பையில் போட்டுவிட்டு, கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாதென்று ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். கயிறு படத்தில் விழாது.